கொச்சியில் அக்கா கேட்ட கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் மிளகுப் பறிப்பு முடிந்திருந்த சமயம். சர்க்கரை நோயால் கண் பாதிக்கப்பட்டிருந்த என் அக்காவைச் சேலத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். எல்லாச் சிகிச்சையும் பார்த்தாயிற்று. "பார்வை எத்தன நாளைக்கு இருக்கும்னு சொல்ல முடியாதுங்க. பாக்கணும்னு ஆசைப்பட்டத சீக்கிரம் பாத்துக்கங்க" என்றார் மருத்துவர்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா மெதுவாக, "எனக்குக் கடல் பாக்கோணும்" என்றாள். எஸ்டேட்டில் மிளகு காயவைத்தே ஐம்பது வயதைத் தாண்டியவள். எங்கள் ஏரியைத் தவிரப் பெரிய தண்ணீர் எதையும் பார்த்ததில்லை. அதுவும் வெறும் கடற்கரை போதாதாம். கப்பல் வந்துபோன பழைய ஊராக இருக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். "தரங்கம்பாடி போலாமுங்க, கடலுக்கு நேரா கோட்டையே இருக்குது" என்பார் என் கணவர். எனக்குப் புதுச்சேரியின் சுத்தமான தெருக்கள் பிடித்திருந்தன. நாகப்பட்டினம்கூட ஒருநாள் பேச்சில் வந்து போனது. அக்கா தலையைச் சாய்த்து, போனைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊர்ப் படத்தையும் பார்ப்பாள். நோயை மறந்து அவள் சிரித்துப் பேசிய நாட்கள் அவை.

கடைசியில் கொச்சி என்று முடிவானது. "அந்தக் காலத்துல மொளகெல்லாம் அங்கிருந்துதான் கப்பலேறிப் போச்சாமே. அந்த ஊரத்தான் பாக்கோணும்" என்றாள். அதற்குமேல் நாங்கள் யாரும் வாதாடவில்லை.

டிக்கெட் எடுத்தாயிற்று. கிளம்ப வேண்டிய வாரம், ஒருநாள் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி, சன்னலச் சாத்து. ஊட்டுக்குள்ள பனி வருது பாரு, ஒண்ணுமே தெரியல."

வெளியே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அக்கா அதன் விளிம்பில் கை வைத்தாள். "சுடுதே" என்றாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பரவிவிட்டதாகவும், இனிப் பார்வை திரும்பாது என்றும் மருத்துவமனையில் சொன்னார்கள். டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்றேன். "கண்ணுதான் போச்சு. ஊரு அங்கயேதான் இருக்குது. போலாம்" என்றாள்.

அக்காவும் நானும் மட்டும் எர்ணாகுளத்தில் இறங்கி, ஃபோர்ட் கொச்சிக்குப் போகும் படகில் ஏறினோம். பார்ப்பதையெல்லாம் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று மனதைத் தயார்படுத்தியிருந்தேன். ஆனால் காற்று முகத்தில் பட்டதும் அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பித் தேடியதைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்த அக்கா, மறுபக்கம் திரும்பி, "ஏனுங்க, பக்கத்துல யாருங்க? இப்ப என்ன தெரியுதுங்க?" என்று கேட்டாள்.

"எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும் சேச்சி" என்றது ஒரு பெண் குரல். "வலது பக்கம் ஒரு பெரிய கப்பல் நிக்குது. அடியில செவப்பு. மேல பெட்டி பெட்டியா அடுக்கியிருக்கு."

கரை வரும்வரை அந்தப் பெண் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். தமிழ் வார்த்தை கிடைக்காதபோது அக்காவின் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினாள். இறங்கிய பிறகும் எங்களை விட்டுப் போகவில்லை. கம்பங்களில் கட்டித் தண்ணீரில் இறக்கி ஏற்றும் சீன மீன்வலைகள் இருக்கும் இடம்வரை கைபிடித்து நடத்திப் போய், ஒரு வலை மேலே ஏறும்வரை கூடவே நின்றாள். "மீன் கொஞ்சம்தான் சேச்சி" என்றாள். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகப் போய்விட்டாள்.

அக்கா வெகுநேரம் கடலுக்கு முகம் காட்டி உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தம்மா பாக்க எப்படி இருந்தாங்க?"

யோசித்துப் பார்த்தேன். வயது, புடவை நிறம், எதுவுமே நினைவில் இல்லை. அழுகையை மறைக்கத் தலையைக் குனிந்தபடியே வந்திருக்கிறேன்.

"தெரியலக்கா."

பார்வை போன நாளிலிருந்து அழாத அக்கா அப்போதுதான் அழுதாள். "நீயாவது பாத்திருக்கலாம், சாமி" என்றாள்.

இப்போதெல்லாம் எங்களுக்கு யார் ஒரு சின்ன உதவி செய்தாலும் முதலில் அவர்கள் முகத்தைத்தான் பார்க்கிறேன்; ஆனால் அக்கா கேட்ட அந்த ஒரு முகம் மட்டும், எவ்வளவு முயன்றாலும் எனக்குக் கிடைப்பதேயில்லை.