ஆச்சு சித்தப்பா

எனக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த உத்தியோகம் அம்மாவைக் கிள்ளுவது. அப்போது எட்டு வயது. ஐம்பதுகளில் ஒரு வைகாசி மாதம், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு மாம்பழம் ஏற்றிப்போன லாரியில் உட்கார்ந்து அந்த வேலையைப் பார்த்தேன். லாரியை ஓட்டியவர் அப்பா. இடதுபுறக் கதவுக்கு வெளியே, படிமேல் நின்று தொங்கிக்கொண்டு வந்தவர் அப்பாவின் கிளீனர். அவர் ஒரு பொய் சொன்னால் நான் அம்மாவின் கையில் ஒரு கிள்ளு கிள்ள வேண்டும். இது அம்மா போட்ட உத்தரவு.

கிளீனர் எங்களுக்கு உறவில்லை. அப்பாவை அண்ணா என்றும் அம்மாவை அண்ணி என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குச் சித்தப்பா ஆகிவிட்டார். நான் வைத்த பெயர் ஆச்சு சித்தப்பா. எதைக் கேட்டாலும் ஆச்சு என்பார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டதா என்று அப்பா கேட்டால், வாளி இன்னும் கிணற்றுக்குள் இருக்கும்போதே “ஆச்சுண்ணா!” என்று குரல் வரும். சக்கரம் தட்டிப் பார்த்தாச்சு, தார்ப்பாய் கட்டியாச்சு, குளிச்சாச்சு, சாப்பிட்டாச்சு. சொல்லிவிட்டுத்தான் போய்ச் செய்வார். செய்யாமல் விடமாட்டார் என்பதையும் சொல்லவேண்டும். வார்த்தை முன்னால் போய்விடும், ஆள் பின்னால் வந்துசேருவார்.

இது போதாதென்று கைச்சுத்தமும் கொஞ்சம் குறைவு. ஏற்றிய கூடைகளிலிருந்து நல்ல மல்கோவாவாகப் பார்த்து ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டு, மேலே வைக்கோலைப் பழையபடி பரப்பிவைப்பார். கேட்டால் அணில் என்பார். ஓடுகிற லாரியில் ஏறி மாம்பழம் தின்கிற அணிலை அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார்.

அப்பா இதற்கு நேர் எதிர். அவருக்குப் பொய் வராது. அது நல்ல குணம் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அம்மா மட்டும் அது ஓர் அங்கக்குறை என்பாள். ஒருநாள், “வண்டி பஞ்சர், அண்ணன் வர நேரமாகும்” என்று சித்தப்பா யாரிடமோ சொல்லியனுப்பினார். அம்மா சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தாள். அப்பா வந்ததும் வராததுமாக, “படம் பரவால்ல, சண்டதான் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார். இருவரும் டெண்டுக் கொட்டகைக்குப் போய்வந்திருக்கிறார்கள். தன் பெயரில் ஒரு பொய் தனக்கு முன்னாலேயே வீடு வந்துசேர்ந்த விஷயம் பாவம் அப்பாவுக்குத் தெரியாது.

அன்றைக்குத்தான் அம்மாவுக்குக் கவலை பிடித்தது. படத்துக்காக அல்ல, மேலுமலை ஏற்றத்துக்காக. குருபரப்பள்ளியைத் தாண்டினால் அந்த ஏற்றம் வரும். பாரம் ஏற்றிய லாரி பாதியில் மூச்சுவாங்கி நின்றுவிடும். டிரைவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க, கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்கவேண்டும். டிரைவர் கண்ணுக்குச் சக்கரம் தெரியாது. பின்னாலிருந்து “ஆச்சு” என்று குரல் வந்தால் காலை எடுப்பார். அந்த ‘ஆச்சு’ பொய்யாக இருந்தால் லாரி பின்னோக்கி உருண்டு பள்ளத்தில் போய்த்தான் நிற்கும்.

“மாம்பழத்துக்குப் பொய் சொல்ற வாயி கட்டைக்குச் சொல்லாதா?” என்று அம்மா கேட்டாள்.

“மாம்பழம் வேற, கட்ட வேற” என்றார் அப்பா.

“வாயி ஒண்ணுதானே?”

இந்தப் பேச்சு ஒரு வாரம் நடந்தது. கடைசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். பெங்களூரில் பெரியம்மா வீட்டுக் காதுகுத்துக்கு பஸ்ஸில் போகாமல் லாரியிலேயே வருவாள். ஆளைக் கண்ணால் பார்ப்பாள். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் அப்பா முதலாளியிடம் சொல்லி வேறு கிளீனரை வைத்துக்கொள்ளவேண்டும். அப்பா தலையாட்டிவிட்டார், தலையாட்டினால் மாறவும் மாட்டார். சித்தப்பா தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். அப்பாவிடம்தான் ஸ்டியரிங் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். இந்த வேலை போனால் டிரைவராகும் ஆசையும் அதோடு போய்விடும். அவர் போய்விடக்கூடாது என்று எனக்கும் இருந்தது. ஆனால் கிள்ளுகிற வேலை ரொம்பப் பிடித்திருந்ததால் அதை நான் நேர்மையாகவே செய்தேன்.

கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டது. “தண்ணி ஊத்தியாச்சுண்ணா” என்றார், வாளியைத் தேடிக்கொண்டே. ஒரு கிள்ளு. “அண்ணி, ராத்திரி நீங்க வர்றீங்கன்னு தூக்கமே இல்ல” என்றார். இரண்டு நிமிடம் முன்புவரை தார்ப்பாய்மேல் குறட்டை விட்டவர். இன்னொரு கிள்ளு. ஊர் தாண்டியதும் ஜன்னல் வழியாக என் மடியில் ஒரு மல்கோவாவைப் போட்டு, “கீழ உழுந்து கெடந்துச்சு பாப்பா” என்றார். நான் கிள்ளிவிட்டுத் தின்றேன். அது மாதிரி ஒரு பழம் அதற்குப் பிறகு நான் தின்றதில்லை.

குருபரப்பள்ளியில் டீக்கடை முன்னால் வண்டி நின்றது. சித்தப்பா இறங்கிப் போனவர் கை நிறைய வடையோடு வந்தார். அவர் பின்னாலேயே கடைக்காரரும் வந்து ஜன்னலுக்குள் எட்டிப்பார்த்தார். “பச்ச ஒடம்போட ஏம்மா லாரில போறீங்க? பையன் எங்க, தூங்குறானா?” என்றார். எங்கள் டிரைவருக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லித்தான் அந்த வடை வந்திருக்கிறது. அம்மா என் தலையைத் தன் பக்கம் இழுத்து, “எனக்கு இது ஒண்ணுதாங்க” என்றாள். கடைக்காரர் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். சித்தப்பாவோ, “அது போன மாசம் வேற டிரைவருக்குங்க, மறந்துட்டேன்” என்று, அம்மாவுக்குப் புரியக்கூடாதென்று தெலுங்கில் சமாளித்தார். எனக்குத் தெலுங்கு தெரியும். வடைக்காகச் சொன்னதற்கு ஒன்று, தெலுங்கில் சொன்னதற்கு ஒன்று என்று இரண்டாகக் கிள்ளினேன். அம்மாவின் முழங்கைக்குக் கீழே அதற்குள் நன்றாகச் சிவந்திருந்தது. அப்பாவைப் பார்த்து அதைக் காட்டினாள். அப்பா வண்டியைக் கிளப்பினார்.

மேலுமலையில் முந்தின நாள் மழை பெய்து மண் ஊறிக் கிடந்தது. பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து, எஞ்சின் இருமி நின்றுவிட்டது. அப்பா காலால் ஒரு பிரேக்கும் கையால் ஒரு பிரேக்குமாக இழுத்துப்பிடித்தார். படிமேல் இருந்த சித்தப்பாவைக் காணோம். கட்டையோடு ஓடிவிட்டார்.

“ஆச்சாடா?” என்று அப்பா கத்தினார்.

எப்போதும் கேள்வி முடிவதற்குள் வருகிற பதில் அன்று வரவில்லை. லாரி ஒரு முழம் பின்னால் வழுக்கியது. கூடைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. அம்மா என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டு கதவுப் பிடியில் கை வைத்தாள்.

“டேய், ஆச்சா?”

“இல்லண்ணா!”

நான் கிள்ளத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தேன். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதுவரை நான் கேட்டதே கிடையாது. அது பொய்யா நிஜமா என்று எனக்குப் புரியவில்லை.

“எறங்கிடட்டுமா?” என்று அம்மா கேட்டாள்.

“உக்காரு. அவன் சொல்லட்டும்” என்றார் அப்பா. அவர் பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தார். வேட்டியெல்லாம் வியர்வை. மறுபடி கேட்டார்.

“இன்னும் இல்லண்ணா, மண்ணு வுடுது! கால எடுத்துறாதீங்க!”

பின்னால் கல் உருட்டுகிற சத்தம். யாரோ முக்குகிற சத்தம். லாரி இன்னும் கொஞ்சம் இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்றாவது தடவை அப்பா கேட்டபோதும், “இல்ல! இல்ல!” என்றுதான் வந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. பிறகு, மெதுவாக, ஏறக்குறைய பேசுகிற குரலில் பின்னாலிருந்து சித்தப்பா “ஆச்சுண்ணா” என்றார்.

அப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. காலை எடுத்தார். லாரி ஒருமுறை குலுங்கி, அப்படியே நின்றது.

சித்தப்பா முன்னால் வந்தபோது முழங்கைவரை சேறு. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் வந்து ஈ என்று சிரித்தார்.

“பயந்துட்டீங்களா அண்ணி? நான் மொதல்லயே போட்டுட்டேன். பாப்பாவுக்குக் கொஞ்சம் வெளயாட்டுக் காட்டலாம்னு சும்மா இல்ல இல்லன்னேன்.”

“கையில என்னா?” என்றாள் அம்மா.

“மாம்பழச் சாறுதான்.”

இரண்டு பச்சைப் பொய்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசையாகக் கிள்ளப்போனேன். அம்மா என் கையைப் படீரென்று தட்டிவிட்டாள். தன் புதுப்புடவைத் தலைப்பில் ஒரு ஓரத்தைக் கிழித்து ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினாள். உத்தரவு போட்டவளே இப்படி அடித்தால் ஒருத்தி எப்படி வேலை பார்ப்பது? அதற்குப் பிறகு நான் கிள்ளாமல் மனசுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு வந்தேன். ஜூஜுவாடி எல்லையில் போலீஸ்காரரிடம் அவர் கன்னடத்தில் ஏதேதோ சொன்னார். எனக்குக் கன்னடம் தெரியாது. போலீஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்ததால் பாதியாவது பொய்யாக இருக்கும் என்று இரண்டு போட்டுக்கொண்டேன்.

பெங்களூர் மண்டியில் கூடைகளை இறக்கினார்கள். மண்டிக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு மல்கோவாக் கூடை முன்னால் நின்றுவிட்டார். வைக்கோல் உள்ளே அமுங்கியிருந்தது. “ஏனப்பா, இதுல கை வெச்சது யாரு? உங்க முதலாளிக்குச் சொல்லி அனுப்பட்டுமா?” என்றார். சித்தப்பாவின் முகம் செத்துவிட்டது. அணிலைக் கூப்பிட அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அப்பா தொண்டையைக் கனைத்தார். அப்பா கனைத்தால் அடுத்து உண்மைதான் வரும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அதற்குள் அம்மா என் காதைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள்.

“எல்லாம் இவ வேலதாங்க. வழி நெடுக தின்னுட்டே வந்தா. நான்தான் கொஞ்சம் கண்ணு அசந்துட்டேன்.”

நான் தின்றது ஒன்றே ஒன்று, அதுவும் சித்தப்பா போட்டது. காது வலித்ததைவிட அநியாயம் அதிகம் வலித்து ஓவென்று அழுதேன். மண்டிக்காரர் பதறிப்போனார். “ஹோக்லி பிடும்மா, போனாப் போவுது, கொழந்த தானே” என்று அந்தக் கூடையிலிருந்தே இன்னொரு பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா, வாழ்நாளில் ஒரு பொய்யைக்கூடக் காதால் கேட்டறியாதவர் போல அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் பெரியம்மா வீட்டில் காதுகுத்துப் பந்தி. சித்தப்பா வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவின் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா தலை நிமிராமல், “அப்ப, முதலாளிகிட்ட ஆள மாத்தச் சொல்லிரட்டுமா?” என்று கேட்டார்.

“எந்த ஆள?” என்றாள் அம்மா.

எனக்குத் தாங்கவில்லை. திருகிய காது இன்னும் சூடாகத்தான் இருந்தது. “சித்தப்பாவத்தாம்மா! மறந்துட்டியா?” என்று, காலையிலிருந்து நடந்த பொய்களை எல்லாம் ஒன்றுவிடாமல் விரல் மடக்கி ஒப்பித்தேன். தண்ணீர், தூக்கம், கீழே விழுந்த மாம்பழம், வடைக் குழந்தை, மாம்பழச்சாறு, எல்லைப் போலீஸ். வழியில் விட்ட சில்லறைப் பொய்களையும் சேர்த்து மொத்தம் பதினேழு. அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மா மட்டும் சிரிக்காமல், கரண்டியைக் கையில் பிடித்தபடி கடைசிவரை கேட்டாள்.

“அவ்ளோதானா? வழியில வேற ஒண்ணும் சொல்லலியா உஞ் சித்தப்பன்?”

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். மேலுமலையில் அவர் இல்லை இல்லை என்று கத்தியது நினைவுக்கு வந்தது. அது நிஜம்தானே, அதை எதற்கு இதில் சேர்ப்பது என்று விட்டுவிட்டேன்.

“வேற ஒண்ணும் சொல்லலம்மா” என்றேன்.