பொட்டு வைத்த ரோல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கம் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் பயம்தான் வரும், அப்புறம்தான் சிரிப்பு.

எனக்குப் பாளையங்கோட்டையில் அரசு அலுவலக வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் நான் சினிமாக்காரன். பெரிதாக எண்ணிவிடாதீர்கள். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, கைக்கடக்கமான பழைய ஃபிலிம் கேமராவில் வருடத்துக்கு ஒன்றிரண்டு குட்டிப் படங்கள் எடுப்போம். ஒரு ரோல் மூன்று நிமிடம்கூட ஓடாது, சத்தமும் கிடையாது. கேமரா பாயுடையது. மேலப்பாளையத்தில் ஜவுளி வியாபாரம் செய்கிறவர். கதை சொல்வது மார்க்கெட்டில் வத்தல் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. இருவரையும் அதட்டுவது என் வேலை. பார்க்கிறவர்கள் என்று எடுத்துக்கொண்டால் எங்கள் மூன்று குடும்பங்களும், தப்பி ஓட வழியில்லாத சில விருந்தாளிகளும்தான்.

எங்களுக்கு என்று ஒரு கலர் ஃபிலிம் உண்டு. அதில் எடுத்தால் நெல் வயல் நெல் வயலாகவே இருக்கும், ஆற்றுத் தண்ணீரின் கலங்கல்கூட அப்படியே விழும். கழுவி வந்த ஃபிலிமையே புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கலாம். அதைத் தயாரித்த கம்பெனி ஒரு நாள் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டது. பாய் ஒரு வாரம் துக்க வீட்டுக்காரர் மாதிரி திரிந்தார். வேறு கம்பெனி ஃபிலிம் வாங்கிப் பார்த்தோம், வாழைத்தோப்பு பிளாஸ்டிக் பூ மாதிரி வந்தது. கையில் மிஞ்சியது ஒரே ஒரு ரோல். அது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில் குடியேறியது.

அதில் எதை எடுப்பது என்று இரண்டு வருடம் சண்டை போட்டோம். நெல்லையப்பர் தேர் என்றார் அண்ணாச்சி. களக்காட்டு மலையில் மழை இறங்குவதை எடுக்க வேண்டும் என்றார் பாய். ஒரு தடவை ஆசைப்பட்டு உறையைக்கூடக் கிழித்துவிட்டோம். பிறகு மனசு வராமல் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மறுபடி ஃப்ரிட்ஜிலேயே வைத்தோம்.

"அது என்ன, பொண்ணு பாத்து வச்ச மாதிரி இவ்வளவு பவுசா வச்சிருக்கிய?" என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவள் பள்ளி ஆசிரியை. எங்கள் படங்களில் அவளுக்கும் ஒரு வேடம் உண்டு, திரையில் மட்டும் வர மாட்டாள். ஃபிலிம் வீணாகக் கூடாது என்பதால் நாங்கள் எந்தக் காட்சியையும் முதலில் ஒத்திகை பார்ப்போம். ஏற்கெனவே ஓடி முடிந்த ஒரு வெத்து ரோலைக் கேமராவில் போட்டு, நிஜமாகவே ஓடவிட்டுப் பழகுவோம். வெளிச்சம் பார்க்க, டேப் பிடித்துத் தூரம் அளக்க அவளைத்தான் நிறுத்துவோம். நிஜ ரோல் ஏறியதும் நடிக்கிறவர் வந்து நிற்பார், இவள் போய் ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றுவாள்.

இரண்டு ரோலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. ஆயுத பூஜைக்கு நல்ல ரோலை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுக்க மனமில்லாமல், வெத்து ரோலைத்தான் கேமராவோடு சாமி முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டோம். அன்றிலிருந்து பாய் ஒரு சட்டம் போட்டார். பொட்டு இருந்தால் ஒத்திகை ரோல், பொட்டு இல்லாவிட்டால் நிஜ ரோல். எங்கள் மூவருக்கும் இது மனப்பாடம். அவளிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருடம் மார்கழியில் அவளுக்கு இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி தெரிந்தது. பயப்படுகிற கட்டி இல்லை என்று சோதனையில் தெரிந்ததும் மூச்சு வந்தது. ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். முகத்துக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே ஓடுகிறதாம். எடுக்கும்போது நரம்பு அடிபட்டால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளலாம், சிரித்தால் பாதி முகம்தான் சிரிக்கும், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தவள், மாவை எடுக்காமல் அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத்தன வருசமா வெளிச்சம் பாக்க என்ன நிக்க வச்சிய. ஒரு தடவயாவது பிலிம போட்டு எடுங்களேன். முகம் இப்பிடி இருக்கும்போதே."

அன்றைக்கே போய் நண்பர்களிடம் சொன்னேன். இரண்டு வருடம் மல்லுக்கட்டிய இருவரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "எந்த ஞாயித்துக்கிழமைன்னு மட்டும் சொல்லும்வே," என்றார் பாய்.

ஸ்ரீவைகுண்டம் அவள் பிறந்த ஊர். அணைக்கட்டில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கிளம்பும் முன்பு டப்பாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவைத்தவள் அவள்தான். வெத்து ரோலும் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று அதே டப்பாவில் போட்டுவிட்டாள்.

முதலில் ஒத்திகை. வழக்கமான இடம், வழக்கமான வேலை. அதனால் அவளும் வழக்கம்போல இருந்தாள். காற்றில் பறந்த முடியைத் திட்டினாள், அண்ணாச்சியின் தொப்பையைக் கேலி செய்தாள். அண்ணாச்சி வாய்க்கால் வரப்பில் வழுக்கி, வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேமரா அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு பாய் ரோலை மாற்றினார். "இதான் மைனி நெசம்," என்றார் அவளைப் பார்த்து. அவ்வளவுதான், அவள் முகம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவள் முகமாகிவிட்டது. சிரி என்றால் பல்லைக் காட்டினாள். நானும் என் பங்குக்கு அதட்டி அதை இன்னும் கெடுத்தேன். ரோல் தீர்ந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துப் பாய் நிறுத்தினார். "அருமையா வந்திருக்கு," என்று மூன்று பேரும் ஒரே குரலில் பொய் சொன்னோம்.

பாய் கேமராவைத் திறந்து ரோலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் வச்ச பொட்டு எங்க?"

"என்ன பொட்டு?" என்றார் பாய்.

"விடியக்காலம் வெளிய எடுத்ததும் குங்குமம் வச்சேனே. நல்லபடியா வரணும்னு."

புது கேஸ் சிலிண்டர் வந்தாலும் பொட்டு வைத்துத்தான் அடுப்படிக்குள் விடுகிறவள் அவள். கடைசி ரோலைச் சும்மா அனுப்புவாளா? வெத்து ரோலில் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு, கைபட்டுக் கைபட்டு எப்போதோ அழிந்துபோயிருந்தது. பாய் டப்பாவைத் திறந்து, பொட்டு இருந்ததை ஒத்திகைக்குப் போட்டிருக்கிறார். நிஜமென்று நினைத்து எடுத்ததெல்லாம் வெத்து ரோலில் போயிற்று.

பாய் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சிதான் தேற்றினார். "ஒத்திகயாவது விழுந்திருக்கும்லா? அதுவும் மைனிதான வே?"

"அதுவும் சொல்ல முடியாது அண்ணாச்சி. ஒத்திகைக்கு ஸ்டாண்டுல வச்சி ஓட விட்டுருவேன், கண்ண வச்சிப் பாக்கறதே இல்ல. லென்சு மூடிய கழட்டுனனா இல்லையான்னே ஞாபகம் வரமாட்டேங்கு."

மூடி கழற்றாமல் ஓடியிருந்தால் மொத்தமும் இருட்டு. இன்னொரு ரோலுக்கு எங்கே போவது? அவள் எங்கள் மூவரையும் பார்த்தாள். "போனா போவுது, வாங்க சாப்பிடலாம்," என்று புளியோதரையைப் பிரித்தாள். எனக்கு அவள் மேல் கோபம், பாய் மேல் கோபம், எல்லாரையும்விட என் மேல். அன்றைக்கு ஒரு கவளம் இறங்கவில்லை.

ரோலை மும்பைக்குக் கழுவ அனுப்பினோம். அது திரும்புவதற்குள் ஆபரேஷன் நடந்தது. கட்டு பிரித்த அன்று டாக்டர் சிரிக்கச் சொன்னார். வலது பக்கம் மேலே போயிற்று, இடது பக்கம் கொஞ்சம் தயங்கி நின்றது. நரம்பு பத்திரமாக இருக்கிறது, அசதி தீர்ந்து பைய வந்துவிடும் என்றார். எனக்கு உயிர் வந்தது. அவளுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. யாரைப் பார்த்தாலும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பதையே குறைத்துவிட்டாள்.

பார்சல் வந்த சாயங்காலம் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினோம். ஜன்னலைச் சாத்தி, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, பாய் புரொஜெக்டரைப் போட்டார்.

இருட்டு. ஃபிலிம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வேட்டியில் ஒன்றுமே இல்லை. ஓடிக்கொண்டே இருந்தது. பாய் தலையில் கை வைத்தார். நான் அவள் பக்கம் திரும்பத் துணியவில்லை.

சட்டென்று வெளிச்சம் அடித்தது. வேட்டி நிறைய ஒரு கை, அந்தக் கை விலகியதும் அவள் முகம். விரலிடுக்கில் லென்ஸ் மூடியைப் பிடித்துக்கொண்டு, கேமராவுக்கு இந்தப் பக்கம் இருந்த பாயை ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் அணைக்கட்டில் தண்ணீர் வழிந்தது. வாழை இலை வாழை இலையாக இருந்தது.

"ஆமா, மூடியோட சுத்திக்கிட்டு இருந்திய. நான்தான் கழட்டுனேன்," என்றாள் அவள் சர்வசாதாரணமாக.

"அத அன்னைக்கே சொல்லக்கூடாதா மைனி?" பாய்க்கு அழுகையே வந்துவிட்டது.

"அது எப்பவும் நான் செய்யுதது தான? இதப் போயி என்னத்தச் சொல்ல?"

அப்புறம் அண்ணாச்சி சேற்றில் விழுகிற இடம் வந்தது. வேட்டியில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இங்கே நாற்காலியில் இருந்தவளும் அதே மாதிரி சிரித்தாள். வாயை மூடவில்லை. இடது பக்கம் கொஞ்சம் பின்தங்கித்தான் வந்தது, ஆனாலும் வந்தது. நான் வேட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சில மாதங்களில் சிரிப்பு இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது. நாங்களும் அந்தப் பிளாஸ்டிக் நிற ஃபிலிமுக்கே பழகிக்கொண்டோம், அப்படியொன்றும் மோசமில்லை. இப்போது எந்த ரோல் வந்தாலும் அவள் பொட்டு வைத்துவிடுகிறாள், பாய் வேறு அடையாளம் தேடிக்கொண்டார். அந்தப் படத்தை மறுபடி போட்டு, வேட்டியில் அந்த இருட்டு ஓடும்போதெல்லாம், இனி ஒன்றும் ஆகாது என்று தெரிந்திருந்தும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது; அவள் கை வந்து மூடியைக் கழற்றிய பிறகுதான், இத்தனை வருடமும் இந்தக் கையை நம்பித்தான் எல்லாம் ஓடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.