சுடுகாற்றுக் குழாய்

போன செவ்வாய்க்கிழமை என் மோட்டாரின் முன் ஸீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அதற்கடியில் எலி குடும்பம் நடத்துகிறது என்று என் மனைவிக்குச் சந்தேகம். எலி இல்லை. ஒரு புத்தகம் இருந்தது.

அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் மசி படிந்த சின்னப் புத்தகம். வண்டி வாங்கும்போது கம்பெனிக்காரன் கூடக் கொடுப்பது. மேட்டூர் அணையில் வேலை பார்த்த ஒரு எஞ்சினியர் துரையின் வண்டி இது. அணை கட்டி முடிந்து அவர் சீமைக்குக் கப்பல் ஏறியபோது நான் வாங்கினேன். ஆக, நாலு வருஷமாக அந்தப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்துதான் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

சும்மா புரட்டினேன். ஒரு படத்தில் கை நின்றுவிட்டது. எஞ்சினின் புகைக்குழாய் ஓரத்திலிருந்து சூடான காற்றை, பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும் குழாய் ஒன்று. படத்துக்குக் கீழே இரண்டு வரி. இது குளிர் தேசங்களுக்காக வைத்தது. வெப்ப தேசங்களில் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினின் பலம் குறையும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தான்.

பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். ஆமாம், அதே குழாய்தான். வெயில் வைத்தியர் கழற்றச் சொன்ன குழாய்.

புதியவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் சித்திரை மாதம், நாமக்கல்லில் ஒரு கல்யாணம். சேலத்திலிருந்து விடிகாலையில் கிளம்பினோம். புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு மேடு உண்டு; எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஏறித்தான் இறங்க வேண்டும். காலையில் வண்டி அதை டாப் கியரிலேயே ஏறியது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மணி இரண்டு. அதே மேட்டில் செகண்ட் கியரிலும் முக்கி முனகி, பாதியில் நின்றே விட்டது. கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு என் மனைவி வெயிலில் நடந்து மேடு ஏறினாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மேட்டுக்கு மேலே சாலையோரம் ஒரு கீற்றுக் கொட்டகை. மோட்டார் ரிப்பேர் பட்டறை. உள்ளேயிருந்து பட்டறைக்காரர் வந்தார், ராக்கியண்ணன் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். என்னை விடப் பெரியவர். ஆனாலும் நான் "என்னப்பா" என்றுதான் கூப்பிட்டேன். அதுவும் இப்போது உறுத்துகிறது.

வண்டி நின்ற இடத்துக்கு இறங்கி வந்து பானெட்டைத் திறந்தார். இரண்டே நிமிஷம்.

"வண்டியில கோளாறு ஒண்ணுமில்லீங்க சாமி. இந்தக் குழா சுடுகாத்தை ஊட்டுதுங்க. வெளியவும் சுடுகாத்து. சூடாச்சுன்னா காத்து லேசாப் போயிருதுங்க. அப்புறம் வண்டி எப்புடிங்க இழுக்கும்? இதைக் கழட்டிப் போட்டா ஏறிக்கும்."

"காலையில் ஏறிச்சேப்பா?"

"காலையில காத்து குளுந்து கெடக்குதுங்களே. இந்த வழியா எட்டு மணிக்கு ஒரு பஸ் போவுது. அதே பஸ்ஸு ரெண்டு மணிக்குத் திரும்பி வருதுங்க. வண்டி ஒண்ணுதான், ஆளும் அதே அளவு ஆளுதான். மேடு ஏறையில சத்தம் மட்டும் வேறயா இருக்குதுங்க. பத்து வருசமாக் கேக்கறனுங்க."

நான் விடுவேனா? சீமையில் படித்த எஞ்சினியர்கள் யோசித்து வைத்த குழாய்... அதைக் கீற்றுக் கொட்டகையில் ஒருவர் கழற்றிப் போடுவதாவது? போதாக்குறைக்கு, குழாயைக் கழற்றி யாருக்காவது விற்கப் பார்க்கிறாரோ என்றும் சந்தேகப்பட்டேன். இதை அன்றைக்கு நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

குழாயைத் தொட விடவில்லை. நிழலில் வண்டியை ஒரு மணி நேரம் ஆறப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தோம்.

அந்த வாரம் எழுத விஷயம் எதுவும் கிடைக்கவில்லை. அவர்தான் கிடைத்தார். ஊர், பெயர், கொட்டகை, மேடு எல்லாவற்றையும் போட்டு எழுதினேன். 'வெயில் வைத்தியர்' என்று நானே பட்டம் சூட்டினேன். மோட்டாருக்கு நீர்மோர் கொடுக்கலாமா, உச்சியில் விளக்கெண்ணெய் வைக்கலாமா என்றெல்லாம் கேட்டிருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்தன. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "பேரையாவது மாத்தி எழுதியிருக்கலாம்" என்றாள். பெயரைப் போட்டால்தானே ருசி என்றேன்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஸ்பானரை எடுத்துக் குழாயைக் கழற்றினேன். இரண்டே போல்ட். மறுநாள் வேண்டுமென்றே பகல் இரண்டு மணிக்கு அந்த மேட்டுக்குப் போனேன். வண்டி பறந்தது என்று சொன்னால் பொய். செகண்ட் கியர் போட்டேன். நிற்காமல், முனகாமல் ஏறி முடித்தது.

மேட்டின் மேல் கொட்டகை இல்லை. நாலு மூங்கில் கால்கள், தரையில் எண்ணெய்க் கறை, அவ்வளவுதான். பக்கத்து வெற்றிலை பாக்குக் கடைக்காரரிடம் ராக்கியண்ணனைக் கேட்டேன்.

"ஆருங்க, வெயில் வைத்தியருங்களா?"

தலையை ஆட்டினேன். கடைக்காரர் வெற்றிலையைத் துடைத்தபடியே சொன்னார்.

"அவரு திருச்செங்கோட்டுக்குப் போயிட்டாருங்க. அரிசி மில்லுல எஞ்சின் பாக்கறாரு. இங்க ஆருங்க ரிப்பேருக்கு வண்டி உட்டாங்க? வெயில் வைத்தியருகிட்டயாடா போறேன்னு பஸ்ஸுக்காரங்க ஒருத்தனை ஒருத்தன் கிண்டல் பண்ணுவாங்க. ஏதோ பத்திரிகையில எழுதிப் போட்டாங்களாம்."

அந்தப் பத்திரிகைக்காரன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கம்தான், வேறென்ன?

திருச்செங்கோட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். மில் வாசலில் நிறுத்துவதற்குள் அவரே வெளியே வந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பானெட் பக்கமாகக் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"குழாயைக் கழட்டிட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார்.

புத்தகத்தைக் காட்டினேன். தனக்குப் படிக்கத் தெரியாது என்றார். நான் அந்த இரண்டு வரியையும் தமிழில் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். படத்திலிருந்த குழாயின் மேல் விரலை வைத்து, "பொஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்களா" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்... எனக்குத்தான் தாங்கவில்லை. எழுத்தை வைத்துப் பிழைக்கிறவன் நான். என் ஸீட்டுக்கடியில் இருந்ததை நான் படிக்கவில்லை. எழுத்தே தெரியாதவர் அதைப் பஸ் சத்தத்தில் தெரிந்துகொண்டிருந்தார்.

"நான் எழுதினது உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டேன். 'என்னப்பா' எப்போது போனதென்று எனக்கே தெரியவில்லை.

"தெரியாமங்களா? புதுச்சத்திரத்துக் காப்பி கிளப்புல பத்திரிகையை உரக்கப் படிச்சாங்க. நானும் பெஞ்சுல குந்திக் கேட்டுச் சிரிச்சுட்டிருந்தனுங்க. பாதியிலதான் அது நானுன்னு தெரிஞ்சுது. அப்புறம் நான் உள்ள போறப்ப எல்லாம் அதையே எடுத்துப் படிப்பாங்க. நாலு தடவை கேட்டனுங்க. அஞ்சாவது தடவைக்குப் போகலீங்க."

தப்பு என்னுடையதுதான் என்றேன். மன்னிக்க வேண்டும் என்றேன். இதையும் பத்திரிகையில் எழுதுகிறேன், பெயர் ஊர் எல்லாம் போட்டு எழுதுகிறேன், திரும்பப் பட்டறை வையுங்கள் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கை மசியைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"எழுதுங்க சாமி. ஆனா இதுல சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களே. இதை ஆருங்க காப்பி கிளப்புல படிப்பாங்க?"

உள்ளே எஞ்சின் கூப்பிட்டது போலிருக்கிறது. "வாரேனுங்க" என்று போய்விட்டார்.

புதுச்சத்திரம் பக்கத்து வாசகர் யாருக்காவது இந்த இதழ் கிடைத்தால், ஒரு உபகாரம். காப்பி கிளப்பில் நாலு பேர் இருக்கிற சமயமாகப் பார்த்து இதை உரக்கப் படியுங்கள் — ஒரே ஒரு தடவையாவது.