டம்ளர் உடைந்த காரணம்

எழுபதுகளின் தொடக்கத்தில், கனடாவில் மொன்ட்ரியாலை ஒட்டிய டோர்வலில், விமான உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், உலோகப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். சென்னையில் படித்துவிட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எந்தப் பாகம் உடைந்தாலும் என் மேஜைக்கு வரும். முறிந்த இடத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஏன் முறிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வரைபடப் பிரிவில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். என் வயதுதான். மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஆள் அவர். இரண்டு பேருக்குமே ஆங்கிலம் இரவல் மொழி என்பதால் பேச்சில் கூச்சம் இருக்கவில்லை. நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் ஒரு மாடி வீட்டில் மனைவியோடு குடியிருந்தார். அங்கே சமையலறை மேஜையில் ஒரு பழைய பாணித் துப்பாக்கி செய்துகொண்டிருந்தார். குழாயின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு இடிக்கிற வகை. அதன் பக்கவாட்டில் ஒரு இரும்புத் தகடு இருக்கும். தகட்டின் வெளிப்புறம் குதிரை என்கிற சின்னச் சுத்தியல், உட்புறம் வில்லும் கொக்கியும். எல்லாம் சேர்ந்ததை லாக் என்பார்கள். விசையை இழுத்தால் குதிரை விழுந்து, நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வெடிக்கிற மாதிரியான ஒரு கேப்பை அடிக்கும்; உள்ளே மருந்து பற்றும்.

அந்த லாக்கைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் பதிக்க மட்டும் அவருக்கு இரண்டு மாதம் ஆயிற்று. தகட்டை விளக்குப் புகையில் கறுப்பாக்கி மரத்தின்மேல் வைப்பார். கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவுவார். மறுபடி வைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனதுக்குள், படித்த மனுஷனுக்கு இது என்ன விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

லாக்கின் பாகங்களை ஒன்டாரியோவில் ஒரு கிராமத்தில் தனியாளாக ஒருவர் வார்த்து, தபாலில் விற்றுவந்தார். அரம் போட்டுச் சரிசெய்து, கடினப்படுத்துவது வாங்குகிறவர் பொறுப்பு. அந்தப் பாகங்களில் ஒன்றின் பெயர் டம்ளர். காப்பி டம்ளர் இல்லை. குதிரையோடு சேர்ந்து சுழலும் நாணயம் அளவு இரும்புத் துண்டு. அதன் விளிம்பில் இரண்டு வெட்டுகள். கொக்கி ஒன்றில் விழுந்தால் சுடலாம். மற்றதில் விழுந்தால் குதிரை பாதியில் நின்றுவிடும், விசையை இழுத்தாலும் அடிக்காது. நிரப்பிய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவனின் உயிர் அந்தப் பாதி வெட்டில் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த டம்ளரை என்னிடம் கொடுத்துக் கடினப்படுத்தித் தரச் சொன்னார். மறுநாள் அவர் மச்சானோடு ஊருக்கு வெளியே போய்ச் சுட்டுப் பார்க்கும் திட்டம். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தேன். அப்படித் தோய்த்த இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும்; மறுபடி மிதமாகச் சூடாக்கினால்தான் அந்த முறுக்கு தளரும். ஆனால் சின்ன அடுப்பில் வேறு பாகங்கள் வெந்துகொண்டிருந்தன. இன்னும் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது, பஸ் நின்றுவிடுமோ என்று பயம். அரத்தால் ஒரு தேய் தேய்த்தேன், வழுக்கியது; கடினம் ஏறிவிட்டது என்று அர்த்தம். இது போதும் என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. சனிக்கிழமை மருந்தும் குண்டும் போட்டு, கேப்பை மாட்டி, குதிரையைப் பாதியில் நிறுத்தி, துப்பாக்கியைக் காரில் சாய்த்துவைக்கப் போயிருக்கிறார். லேசாக இடித்ததும் வெடித்துவிட்டது. இடது கை குழாயின் வாய்க்கு அருகில் இருந்தது. இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்ததற்கு நன்றி சொன்னார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

ஆறு வாரம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே லாக்கைக் கழற்றி என் மேஜையில் வைத்து, ஏன் உடைந்தது என்று பார்க்கச் சொன்னார். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பாதி வெட்டின் உதடு சர்க்கரைக் கட்டி மாதிரி உடைந்திருந்தது. இருந்தாலும் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தேன். பிறகு, வார்ப்பில் கோளாறு, உள்ளே காற்றுக்குமிழி இருந்திருக்கிறது என்றேன். அவர் நம்பினார். வார்த்தவருக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். அதில் நான் இன்ன படிப்புப் படித்தவன் என்றும் எழுதியிருந்தார்.

பதில் வந்தது. சாப்பாட்டு மேஜையில் எனக்குப் படித்துக் காட்டினார். அந்த மனிதர் வாதாடவில்லை. வருத்தம் தெரிவித்து, அந்த மாதம் வார்த்த பாகங்களை வாங்கிய எல்லோருக்கும் எழுதித் திருப்பி வரவழைப்பதாகச் சொல்லியிருந்தார். கூடவே புதிதாக ஒரு லாக்கும் அனுப்பியிருந்தார்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அவர் படம் வரைகிற பலகைக்கே போனேன். மூன்று விரல்களால் மூலைமட்டத்தை அழுத்திப் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"வார்ப்பில் கோளாறு இல்லை. இரண்டாவது சூட்டை நான் கொடுக்கவில்லை" என்றேன்.

பென்சிலைக் கீழே வைத்தார். "எப்போது தெரிந்தது?"

"நீங்கள் கொண்டுவந்து வைத்த அன்றைக்கே."

"என் விரல் போனதை விடுங்கள், நானும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஆளுக்கு என்னை எழுத வைத்தீர்களே" என்றார். பிறகு, "நீங்களே எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அன்றே எழுதினேன். நாலைந்து முறை கிழித்துப்போட்டு எழுதிய கடிதம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, ஒரே பத்தி. திரும்பி வந்த டம்ளர்களை எல்லாம் உருக்கிவிட்டாராம். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இந்தக் குளிர்காலம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை" என்று முடித்திருந்தார். அதை என் நண்பரிடம் காட்டினேன். நின்றபடியே படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த நாளிலிருந்து அவர் வேறு மேஜையில் சாப்பிட்டார். என்னைப் பற்றி மேலதிகாரிகளிடம் ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. உடைந்த பாகங்கள் வழக்கம்போல் என்னிடம் வந்தன. நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் நாலு வருஷம் அதே கட்டிடத்தில் இருந்தோம். தாழ்வாரத்தில் எதிரே வந்தால் போன்ஜூர் என்று வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன். புதிய லாக்கை அந்தத் துப்பாக்கியில் பொருத்தினாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.