மணலில் ஒரு தையல் சோதனை

தாராபுரம் அருகே அமராவதி ஆற்று மணலில் வெள்ளையும் பச்சையுமாய் இரண்டு ஜீப்புகள் ஓட்டிப் பார்க்க நிற்கின்றன. எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி இன்று ஒன்றை வாங்கி, நாளை என்னையும் ஏற்றி மலைப்பாதையில் ஓட்டப்போகிறார். படித்தவனாயிற்றே, இரண்டின் கையேட்டையும் கரைத்துக் குடித்திருக்கிறேன்.

"வெள்ளைக்கு நாலு சக்கரமும் இழுக்குமுங்க. பச்சைக்குப் பின்சக்கரம் மட்டும்தானுங்க."

"இருங்க தம்பி" என்கிறார். சீட்டுத் துணியை இழுக்கிறார். ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் பார்க்கிறார். வெள்ளையின் சீட்டில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது.

"இது ரிஜெக்ட்டுங்க."

தேர்வான பச்சையில் அவர் ஏறி ஓட்ட, பத்தடி போனதும் அது மணலில் புதைகிறது. வெள்ளை வந்து கயிறு கட்டி இழுக்கிறது. நான் பின்னாலிருந்து தள்ளுகிறேன். அவர் இறங்காமல் சீட்டைத் தடவுகிறார்.

"இத்தனை குலுக்கல்லயும் ஒரு தையலாவது பிரிஞ்சுதுங்களா?"