யோர்க் போற பஸ்ஸை நிரப்பின கதை

ரிக்கெற் விக்கிற தொழிலில ஆகாயத்தில பறக்கிறது மற்ற ஆக்கள், மேசைக்குப் பின்னால இருந்து தலை சுத்துறது நாங்கள். ரொறொன்ரோவில, ஸ்கார்பரோப் பக்கம் ஒரு பிளாசாவுக்குள்ள, சாப்பாட்டுக் கடைக்கும் புடவைக் கடைக்கும் நடுவில இருக்கிற ட்ராவல்ஸில எனக்கு வேலை. வாடிக்கையாளரோட மாரடிக்கிற ஆராயிருந்தாலும் இது உங்கட சொந்தக் கதை மாதிரித்தான் இருக்கும்.

போன வருசம் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. எங்கட சனம் இங்கிலாந்து எண்டால் லண்டனில ஒரு கலியாணவீட்டுக்குப் போட்டு, சேலையும் வாங்கிக்கொண்டு திரும்பி வருகுது. இந்தமுறை லண்டனுக்குப் பிளேன், அங்கயிருந்து வடக்கில இருக்கிற யோர்க் நகரத்துக்கு ஒரு பஸ் சுற்றுலா. "ரொறொன்ரோவுக்கே முந்தி யோர்க் எண்டுதானே பேர், சனம் விழுந்தடிச்சு வரும்" எண்டார். பஸ் நிரம்பாட்டி என்ர மேசையை போன் கவர் விக்கிற ஒருத்தருக்கு வாடகைக்குக் குடுத்திடுவாராம். அதைச் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரேல்லை. இந்த வயசில ஆர் எனக்கு வேற வேலை தரப்போகினம்?

விளம்பரத் துண்டை நானே எழுதினன். ரோமர் அந்த நகரத்தை எபோராக்கம் எண்டினம், பிறகு வந்த வைக்கிங் ஆக்கள் யோர்விக் எண்டினம், அது தேய்ஞ்சு யோர்க் ஆச்சுது எண்டு போட்டன். பழைய புத்தகங்களில கிடந்த வர்ணனைகளையும் அள்ளிப் போட்டன். வந்தது வினை.

மலிவான பட்டினம்

நல்ல காத்து, நல்ல மனுசர், மலிவான சீவியம் எண்டு முந்தின காலத்துப் பயணி ஒருத்தர் யோர்க்கைப் பற்றி எழுதினதைச் சேத்திருந்தன். அதை வாசிச்சுப்போட்டு இங்க பக்கத்தில டோர்செட் பார்க்கில ஒரு அபார்ட்மென்ற்றில இருக்கிற அங்கிள் ஒருத்தர் வந்தார். சுற்றுலாவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அங்க ரெண்டு அறை வீடு என்ன வாடகை, தண்ணி, கரண்ட் அதுக்குள்ள அடங்குமோ எண்டு துருவித் துருவிக் கேட்டார்.

"ஐயோ அங்கிள், உது முன்னூறு வருசத்துக்கு முந்தி எழுதினது" எண்டன். மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு ஆறுதலாய்ச் சொன்னார்: "அப்ப கொஞ்சம் கூடித்தான் இருக்கும். எண்டாலும் டோர்செட் பார்க்கை விட மலிவாத்தானே இருக்கும்?"

வெள்ளிக்கிழமைத் தெரு

யோர்க்கில ஷாம்பிள்ஸ் எண்டு ஒரு தெரு. ஒரு காலத்தில முழுக்க இறைச்சிக்கடை. இப்ப இனிப்புக் கடையும் பரிசுப்பொருள் கடையும்தான், எண்டாலும் இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் இருக்குதெண்டு பெருமையாய் எழுதியிருந்தன். மோர்னிங்சைட்டில இருந்து ஒரு அக்கா துண்டைக் கையில பிடிச்சபடி வந்து நிண்டா. பயண அட்டவணையில அந்தத் தெரு வெள்ளிக்கிழமை விழுகுதாம். "விரதத்தோட நான் கொக்கிக்குக் கீழால நடக்கிறதோ?" எண்டு கேட்டா.

இப்ப அங்க மணமும் இல்லை, இறைச்சியும் இல்லை எண்டு சத்தியம் பண்ணாத குறை. அக்கா அசையேல்லை. கடைசியில தெருவையே சனிக்கிழமைக்கு மாத்தினன். கதவடிக்குப் போனவ திரும்பி வந்தா. "சனிக்கிழமையும் எனக்கு விரதம்தான் பிள்ளை. பரவாயில்லை, சனீஸ்வரன் உதுகளைப் பாக்கமாட்டார்."

ஒரு ஊர், ரெண்டு சங்கம்

இப்பிடி ஒண்டும் ரெண்டுமாய்ச் சேர்ந்தால் எப்ப பஸ் நிரம்புறது? அப்பத்தான் ராசநாயகம் அண்ணை வந்தார். நாட்டில ஒரே ஊரில இருந்து வந்த ஆக்கள் இங்க வைச்சிருக்கிற ஊர்ச் சங்கத்தின்ர தலைவர். ஊரின்ர பேரைச் சொல்லமாட்டன், சொன்னால் நாளைக்கு ரெண்டு பகுதியும் என்ர மேசைக்கு வந்திடும். ஏனெண்டால் ஒன்றுகூடலில குத்துவிளக்கை ஆர் முதல்ல ஏத்துறது எண்டு பிடுங்குப்பட்டு, அந்த ஊருக்கு இங்க ரெண்டு சங்கம். யோர்விக் எண்ட பேர் அண்ணைக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு, வீரமாய் இருக்காம். பாதி பஸ்ஸை எடுத்து, "யோர்விக் பயணம்" எண்டு நீலத் தொப்பியும் அடிச்சுப்போட்டார்.

அடுத்த கிழமை மற்றச் சங்கத் தலைவர் சிவபாதம் அண்ணை மிச்சப் பாதியைக் கேட்டு வந்தார். மற்றாக்களும் வருகினம் எண்டு சொன்னதும் எழும்பிட்டார். மேசை போச்சு. மனுசன் கதவைத் திறக்கேக்கை கையில கிடந்த துண்டைப் பார்த்தார். "உந்த எபோராக்கம், யோர்விக்குக்கு முந்தின பேரோ?"

"ஓம் அண்ணை, கன காலம் முந்தி."

"அப்ப நாங்கள் எபோராக்கம் போறம். எழுதும்."

எனக்கு மனம் கேக்கேல்லை. "அண்ணை, ரெண்டும் ஒரே நகரம். பஸ்ஸும் ஒண்டுதான்" எண்டன்.

"அது எனக்குத் தெரியும் தங்கச்சி. பேர் வேறையெல்லோ, அது காணும்."

எயார்போட்டில

நீலத் தொப்பி ஒரு வரிசை, "எபோராக்கம் யாத்திரை" எண்ட சிவப்புத் தொப்பி மற்ற வரிசை. ஒருத்தரை ஒருத்தர் பாக்கேல்லை. ஆரும் கோவிச்சுக்கொண்டு திரும்பினால் பாதி பஸ் போச்சு எண்டு நான் ரெண்டு வரிசைக்கும் நடுவில நிக்கிறன். அந்த நேரம் பார்த்துச் சிவபாதம் அண்ணையின்ர சூட்கேஸ் பாரம் கூடிப்போச்சு. திறந்தால் உள்ளுக்கு முழுக்க, நாள்கணக்கா வைச்சுச் சாப்பிடுற மொறுமொறெண்ட பருத்தித்துறை வடை. அதை எறியச் சொன்னால் நான் வீட்டை போறன் எண்டு மனுசன் நிலத்தில குந்திட்டார்.

ராசநாயகம் அண்ணை மற்ற வரிசையில இருந்து தன்ர சூட்கேஸை இழுத்துக்கொண்டு வந்து, பக்கத்தில வைச்சுத் திறந்தார். ஆளின்ர முகத்தைப் பாக்கேல்லை, என்னைப் பார்த்தார். "தங்கச்சி, யோர்விக்கில இடம் கிடக்கெண்டு சொல்லும்." ரெண்டு பேருக்கும் நடுவில ஒரு முழம்கூட இல்லை. நானும் சொன்னன். எனக்குக் கண்ணும் கலங்கிச்சுது, சிரிப்பும் முட்டிச்சுது.

சிவபாதம் அண்ணை வடைப் பொதியைத் தூக்கி அந்தச் சூட்கேஸுக்குள்ள பக்குவமாய் வைச்சுப்போட்டு, அவரும் என்னைத்தான் பார்த்தார். "எபோராக்கத்தில இறங்கின உடன பொதியைப் பிரிச்சு, ரெண்டு பகுதிக்கும் குடுக்கச் சொல்லும்."

வந்தவன் போனவன் எல்லாம் பேர் வைச்ச அந்த நகரத்துக்கு எத்தினை பேர் இருந்தாலும், எங்கட ஆக்கள் ஒரே பஸ்ஸில ஏற அதில குறைஞ்சது ரெண்டு வேணும்.