பிளொப்பிக்குப் பொட்டு வைத்த கதை

கொக்குவிலில் கொம்பியூட்டர் வந்த முதல் வீடு என்னுடையது. இரண்டாவது வீடு எது என்று கேட்டால் மூன்று பேர் கை உயர்த்துவார்கள். முதலாவதுக்கு ஒருவரும் போட்டிக்கு வரமாட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கில எழுத்தை வாத்தியாரிடம் படிக்கவில்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டர்களில் ஆணி அறைந்திருக்கும் தகட்டில் படித்தேன். அந்தத் தகட்டை வாசித்து, எரிந்துபோன மோட்டருக்குப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் பாதி என் கை சுற்றிய கம்பியில்தான் இறைத்தது. பாதி என்பது கூடிப்போயிற்று என்பவர்கள் வந்து எண்ணிப் பார்க்கலாம்.

எண்பதுகளின் நடுவில் மனைவியின் தம்பி சவுதியிலிருந்து லீவில் வந்தபோது, அவன் வேலை செய்யும் கந்தோரில் கழித்துவிட்ட கொம்பியூட்டர் ஒன்றைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தான். அச்சடிக்கும் மிசினும் கூடவே வந்தது. ஆனால் அது நூற்றுப்பத்து வோல்ற்றில் ஓடுவது. எங்கள் சுவரில் வருவது இருநூற்று முப்பது.

"கொழும்பிலை ஆரும் இருப்பினம், விசாரிப்பம் அத்தான்" என்றான்.

"கொழும்பிலை இருக்கிறவனுக்கு என்ன, எனக்கில்லாத கையே?" என்றேன்.

இரண்டு நாளில் வோல்ற்றைக் குறைக்கும் ரான்ஸ்போமர் ஒன்று சுற்றினேன். தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். ஆனால் நாள் முழுக்க ஓடினாலும் சூடேறாது. பெட்டியில் வெளிச்சம் வந்தபோது மச்சான் கைதட்டினான். நான் உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றேன். தட்டுபவர்கள் தட்டத்தான் வேண்டும்.

இன்றைக்கும் வீட்டுக்குக் கொம்பியூட்டர் வாங்குபவர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். ஈரக் கையால் தொடாதே, தூசி படாமல் துணி போட்டு மூடு, வேலையை முடித்து மிசினுக்குச் சொல்லவேண்டிய விதமாய்ச் சொல்லி நிற்பாட்டு, வயரைப் பிடுங்கி நிற்பாட்டாதே என்றெல்லாம் சொல்வேன். ஆனால் முதலில் சொல்வது ஒன்றுதான்: எதையும் இரண்டு இடத்தில் வை. இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவந்த அக்கா ஒருவர் சொல்லித் தந்தார். சொல்லித் தருகிறோம் என்று தெரியாமலே சொல்லித் தந்தார்.

அந்த நாளில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜேர்மனிக்குப் போன பெடியள் ஓர் அகதி முகாமில் நிலையாக இருப்பதில்லை. இரண்டு மாதத்துக்கொரு புது விலாசம் வரும். ஒரே சொல்லே முழம் நீளத்துக்கு இருக்கும். தாய்மார் அதைப் பார்த்து எழுத முடியாமல் தடுமாறினார்கள். நான் அந்த விலாசங்களை எல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றினேன். இரண்டு விரலால்தான் அடித்தேன், ஆனால் பிழை விடமாட்டேன். சில ஜேர்மன் எழுத்துக்கு மேலே இரண்டு புள்ளி வைக்க மிசினுக்குத் தெரியாது; அதை நான் பேனையால் வைத்தேன். கடிதம் அனுப்ப வருபவர்களுக்கு விலாசத்தை இரண்டு துண்டாக அச்சடித்துக் கொடுப்பேன். ஒன்று உறையில் ஒட்ட, மற்றது காட்டித் திரிய. அச்சு மிசின் கிறீச்சிடும் சத்தத்துக்கே ஒழுங்கைச் சனம் வாசல் படலையடியில் கூடும்.

இத்தனை விலாசமும் ஒரே ஒரு பிளொப்பியில் இருந்தது. இப்போது உள்ளவர்களுக்குப் பிளொப்பி தெரியாது. கறுப்பு மட்டை உறை ஒன்று, சதுரமாக, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. உள்ளே வட்டமான மெல்லிய படலம். உறையில் நீள்வட்டமாக ஒரு வாசல் வெட்டியிருக்கும். அதன் வழியாகப் படலம் பழுப்பு நிறத்தில் தெரியும். மிசின் அந்த வாசலால்தான் வாசிக்கும்.

அந்த வருசம் நவராத்திரிக்கு முன் வீடு கழுவினோம். விலாசம் ஏற்றி முடிந்த பழைய கடித உறைகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அவற்றைப் பின்வளவில் போட்டுக் கொளுத்தினேன்.

"கிடக்கட்டுமன், தின்னவே கேக்குது?" என்றாள் மனைவி.

"எல்லாம் மிசினுக்குள்ளை ஏறிப்போச்சு. உமக்கு இன்னும் கடதாசியிலைதான் நம்பிக்கை."

பிறகு கடைசி மூன்று நாள் பூசை வந்தது. படிப்பவர்கள் புத்தகத்தையும் தொழில் செய்பவர்கள் ஆயுதத்தையும் சரஸ்வதி படத்துக்கு முன் வைப்போம். விஜயதசமி வரை தொடமாட்டோம். என் சுத்தியல், குறடு, கம்பிச்சுருள் எல்லாவற்றுக்கும் நடுவில் கொம்பியூட்டரை ஏற்றி வைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தேன். பிளொப்பியைக் கையில் எடுத்தபோது மனைவி கேட்டாள்:

"பெட்டிக்கு வைச்சாச்சுத்தானே, உதுக்கேன்?"

"உயிர் உதுக்குள்ளைதானே கிடக்கு."

அந்த நீள்வட்ட வாசல் நெற்றி மாதிரியே இருந்தது. நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். வடிவாகத்தான் இருந்தது.

அன்று காலை பால்கார அக்கா செம்போடு வந்தபோது மடியிலிருந்து ஒரு கடதாசிச் சுற்றை எடுத்தார். அவருக்குப் புருசன் இல்லை. இரண்டு பசுவும் ஜேர்மனியில் ஒரு மகனும்தான். மகனின் அகதி வழக்குக்கு அவனுடைய பிறப்புப் பத்திரம் வேண்டுமாம். அடுத்த மாதம் விசாரணை. அதற்கு முன் பத்திரம் போய்ச் சேராவிட்டால் அவனைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். அக்கா அரசாங்கக் கச்சேரிக்கு நாலு தரம் நடந்து பிரதி எடுத்து, அதை ஆங்கிலத்துக்கு மாற்றிச் சீலும் குத்தி வைத்திருந்தார்.

"தம்பி, புது முகாம் விலாசம் உங்களிட்டைத்தானே இருக்கு. இன்னொருக்கா அடிச்சுத் தாங்கோ."

"விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாதக்கா. அதுக்கடுத்த நிமிசம் தாறன்."

"ஓம் ஓம், அம்மாளின்ரை காரியம். மூண்டு நாள்தானே" என்று போனார்.

விஜயதசமியன்று தேங்காய் உடைத்து, பிளொப்பியை உள்ளே தள்ளி, மிசினை இயக்கினேன். உரலில் உளுந்து அரைப்பது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு திரையில் ஓர் ஆங்கில வரி. வாசிக்க முடியவில்லை, திரும்ப முயலவா, விடவா என்று கேட்டது. திரும்ப முயலச் சொன்னேன். இருபது தரம் சொன்னேன். மிசின் ஒவ்வொரு தரமும் குங்குமத்தை இழுத்து இழுத்துப் படலத்தில் தேய்த்திருக்கிறது என்பது வெளியே எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் தரமே நிற்பாட்டியிருக்க வேண்டும். இதையும் எழுதி வையுங்கள்: ஓடாததைத் திரும்பத் திரும்ப ஓட்டாதே.

மனைவி தேங்காய்ப் பாதியோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை அக்கா வந்தார். எனக்கு வாயில் வந்தது பொய்.

"எங்கடை வீட்டிலை இன்னும் இரண்டு நாள் வைச்சிருக்கிற வழக்கம், அக்கா."

"அப்பிடியும் ஒரு வழக்கமோ?"

அதற்கடுத்த நாள் அவர் செம்பை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன தம்பி, சரஸ்வதி இன்னும் உங்கடை கொம்பியூட்டராலை இறங்கேல்லையோ? அம்மாளும் ஜேர்மனிக்குக் கடிதம் போட வந்தவவோ?"

மனைவி உள்ளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்கா எங்கள் வீட்டுப் பாலில் ஒருநாளும் தண்ணீர் கலந்ததில்லை.

அன்று என் மோட்டர்க் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன். கம்பி சுற்றுபவனுக்குப் பொறுமைதான் முதல். பிளொப்பி உறையின் ஒரு கரையைச் சவர அலகால் கீறி, படலத்தை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்தேன். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கும், ஆகாது. பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரை ஒரு தட்டில் விட்டேன். சவர்க்கார நுரை ஒரு சொட்டு. விரல் நுனியால், குழந்தையின் கண்ணில் பீளை துடைப்பது போலத் துடைத்தேன். குங்குமம் சிவப்பாகக் கலங்கி வந்தது. மனைவியின் பழைய நூல் சேலையில் ஒற்றி, நிழலில் காயவைத்தேன். கொம்பியூட்டரோடு விளையாட்டுப் பிளொப்பி ஒன்றும் வந்திருந்தது. அதன் உறையைக் காலி செய்து, காய்ந்த படலத்தை அதற்குள் போட்டேன். மிசினின் வாசிக்கும் முனையையும் ஆஸ்பத்திரிச் சாராயம் தொட்ட பஞ்சால் துடைத்தேன்.

வாசித்தது! கொழும்பில் படித்த பொறியியலாளர்கள் பிறகு இதைக் கேட்டு நம்பவில்லை. நம்பாதவர்களுக்கு அந்த வெட்டிய உறை இன்னும் என்னிடம் இருக்கிறது.

விலாசங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஏறின. லண்டன், பாரிஸ், கனடா. ஜேர்மனியும் வரத் தொடங்கியது. பிறகு நின்றது. படலத்தில் மயிரளவு ஒரு கீறல். கடைசியாக ஏற்றிய விலாசங்கள் கடைசியில் இருந்தன; கீறல் விழுந்ததும் அங்கேதான். நாலு விலாசம் போயிற்று. மூன்று வீட்டில் வேறு கடிதம் இருந்தது, கேட்டு வாங்கலாம். நாலாவது பால்கார அக்காவின் மகன். அந்த முகாமிலிருந்து அவன் போட்டது ஒரேயொரு கடிதம். அதன் உறையைக் கொளுத்தியவன் நான். கடிதத்துக்குள் விலாசம் எழுதும் பழக்கம் அவனுக்கு இல்லை.

"போய்ச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி. "நாளைக்கு அந்த மனிசி பாலோடை வந்து நிக்கேக்கை என்னாலை முகம் பாக்க ஏலாது."

பின்னேரம் போனேன். அக்கா பசுவுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். உறையைக் கொளுத்தியதையும், பொட்டு வைத்ததையும், இரண்டு நாள் வழக்கமென்று பொய் சொன்னதையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் தவிட்டுக் கையோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"அப்ப என்ரை பிள்ளை எங்கை இருக்கிறான் எண்டு இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாதோ?"

மோட்டர் எரிந்ததென்றால் கம்பி சுற்றிக் கொடுத்திருப்பேன்.

பசு தலையை ஆட்டித் தொட்டியில் வாய் வைத்தது. அக்கா அதன் நெற்றியைத் தடவினார். பிறகு, "முருகனுக்குத் தெரியும்" என்றார்.

மனம் விட்டுப் போய்ச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு சாமியறைக்குள் போனார். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றும் சத்தம் கேட்டது. முருகன் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து என் முன்னால் பிடித்தார். மயிலின் காலடியில், கண்ணாடிக்கு மேல், சோற்றுப் பசையால் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. என் மிசின் அச்சடித்த துண்டு. காட்டித் திரியக் கொடுத்த இரண்டாவது துண்டு. புள்ளிகள் என் பேனை வைத்தவை.

"இதேனக்கா இதிலை?"

"எந்த இடமெண்டு தெரியாமல் அவர் ஆரைப் போய்க் காப்பாத்துறது? பழைய முகாம் விலாசமும் கீழை கிடக்கு. அதுக்கு மேலைதான் ஒட்டினனான். முகாம் மாறினால் அவருக்குஞ் சொல்ல வேணுமே."

படத்தை வாங்கிப் பார்த்தேன். ஊர்ப்பெயரின் முன் இருக்கும் இலக்கங்களில் ஒன்றைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு. அக்காவும் பொட்டு வைத்திருந்தார்.

"கையை வையாதையும் தம்பி, நீர் துடைச்சது போதும்" என்று படத்தைப் பறித்து, சேலைத் தலைப்பை நாக்கில் தொட்டு, மெல்ல மெல்லத் துடைத்தார். சந்தனம் போன இடத்தில் மஞ்சள் கறைக்குள் ஓர் ஐந்து தெரிந்தது. மை கரையவில்லை.

அவர் அதுவரை என்னை நீங்கள் என்றுதான் கதைத்தவர். அன்றுதான் நீர் என்றார். பிறகும் அப்படியே வைத்துக்கொண்டார்.

அந்த விலாசத்தை மூன்று இடத்தில் எழுதினேன். என் சட்டைப்பைக் கொப்பியில் ஒன்று. கடைச் சுவரில், மோட்டர் அளவுகள் எழுதும் இடத்தில், வார்னிஷ் தூரிகையால் ஒன்று. மூன்றாவது, பத்திரம் வைத்த கடித உறையில். மறுநாள் காலை தபால் கந்தோர் திறக்க முன்னமே நானும் அக்காவும் வாசலில் நின்றோம். பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மடியில் முடிந்தார். அது எங்கே ஒட்டப்படும் என்று நான் கேட்கவில்லை.

மச்சானுக்கு எழுதி ஒரு பெட்டி புதுப் பிளொப்பி எடுப்பித்தேன். எல்லா விலாசத்தையும் இரண்டு பிளொப்பியில் ஏற்றி, ஒன்றை வீட்டு அலுமாரியிலும் மற்றதைக் கடையிலும் வைத்தேன். அதற்கடுத்த நவராத்திரியில் கொம்பியூட்டரின் மேல்மூடிக்குப் பொட்டு வைத்தேன். பிளொப்பிகள் தகரப் பெட்டிக்குள் இருந்தபடி கும்பிடு வாங்கின.

அன்று போட்ட பதிவுத் தபாலுக்கு அக்காவின் மகனிடமிருந்து பதில் வரக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் சென்றது. பால் கொண்டுவந்த கையோடு கடிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பத்திரம் விசாரணைக்கு முன்னமே வந்து சேர்ந்ததாம். அவனை இருக்க விட்டிருக்கிறார்களாம். முகாம் மறுபடி மாறியிருக்கிறதாம். அக்கா முழுவதையும் நின்றபடியே கேட்டார். பிறகு இரண்டாந்தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

நான் உறையைத் திருப்பி, புது விலாசத்தை இரண்டு விரலால் அடித்து, ஒரு பிளொப்பியில் ஏற்றி, மற்றதிலும் ஏற்றினேன். இரண்டு துண்டு அச்சடித்துக் கொடுத்தேன். அவர் துண்டுகளை வாங்கிக்கொண்டும் போகவில்லை. ஒரு கையில் காலிச் செம்பு. மற்றக் கையை நீட்டியபடியே நின்றார்.

"இன்னும் என்னக்கா?"

"உறையைத் தாரும் தம்பி."